ஷட்டவுனுக்கு வருபவர்களுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது எப்படி

அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவில் சேர்ந்து, கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் பிடிக்கப் பழகி, கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்ய அனுமதி தரும் பெர்மிட்டில் கையெழுத்திடும் நிலைக்கு வந்ததும் ஒரு நாள் மேலதிகாரி கூப்பிட்டுவிடுவார். "அடுத்த வாரம் உலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ஷட்டவுன். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுப்பது உங்கள் பொறுப்பு" என்று சொல்லி, ஒரு பென் டிரைவையும் கையில் கொடுப்பார். அதில் சிலைடுகள் ஏராளமாக இருக்கும். முதல் சிலைடில் அணுக்கருவை எலக்ட்ரான்கள் சுற்றிக்கொண்டிருக்கும். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் மட்டும் அதைத் திறக்காதீர்கள்.

நான் கல்பாக்கத்தில் தொழில் கற்றவள். என் அனுபவம் முழுவதும் கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) உலைகளில்தான். ராவத்பாட்டா, நரோரா, காக்ராபார், கைகா ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தும். கூடங்குளம் போன்ற சாதாரண நீர் உலைகளில் இருப்பவர்கள் டிரிடியம் (கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன்) பற்றிய பகுதியைத் தங்கள் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் நிலையத்தின் நடைமுறைக் கையேட்டில் இருப்பதற்கும் நான் சொல்வதற்கும் முரண்பாடு வந்தால் கையேடுதான் சரி.

முதலில், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பாருங்கள். ஃபிட்டர், வெல்டர், சாரம் கட்டுபவர், குழாய்களின் மேலுள்ள இன்சுலேஷனைப் பிரிப்பவர், தரை துடைப்பவர். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு இரவு ரயிலில் வந்து இறங்கியவர்களும் அவர்களில் இருப்பார்கள். வகுப்பு முடிந்தால்தான் வாங்கும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டிஎல்டி பேட்ஜ், பேட்ஜ் வந்தால்தான் வேலை, வேலை தொடங்கினால்தான் கூலி. ஆகவே அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்க வரவில்லை, பேட்ஜ் வாங்க வந்திருக்கிறார்கள். இதில் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை. பேச்சைக் குறைத்து, அவர்கள் கையால் செய்யும் வேலையைக் கூட்டினால் அரை மணி நேரத்தில் வகுப்பு உயிர் பெற்றுவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவராவது உங்களைவிட அதிக ஷட்டவுன் பார்த்தவராக இருப்பார். பின்வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருப்பார். அவரை அடையாளம் கண்டு, தேநீர் இடைவேளையில் தனியாகப் பேசிவிடுங்கள். நாளைக்கு உலைக் கட்டடத்துக்குள் புதியவர்கள் பத்துப் பேர் பார்த்துப் படிக்கப்போவது உங்களையல்ல, அவரைத்தான். நான் "அண்ணே, செய்முறையை நீங்கள்தான் முதலில் செய்துகாட்ட வேண்டும்" என்று கேட்டுவிடுவேன். மறுத்தவர் எவரும் இல்லை. அவரிடம் பழைய தவறான பழக்கம் ஏதாவது இருந்தால், முந்தின நாளே ஒத்திகை என்ற பெயரில் கூப்பிட்டுத் திருத்திவிடலாம். எல்லார் முன்னாலும் திருத்தினீர்களோ, அந்த ஷட்டவுன் முழுவதும் அவர் உங்களுக்கு எதிர்க்கட்சி.

மீட்டரை அவர்கள் கையில் கொடுங்கள்

கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, தொட்டால் தெரியாது என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் மிரள்வார்கள், மீதிப் பேர் நம்ப மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் (ஒளிரும் வலைத் துணி) வாங்கி வாருங்கள். இயற்கையிலேயே கதிரியக்கமுள்ள தோரியம் கலந்ததாக இருக்க வேண்டும், வாங்கியதும் மீட்டரில் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டே கையாளுங்கள், எரித்து உதிரவிடக் கூடாது. பிரிவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

கதிர் மாசு பார்க்கும் மானிட்டரை மேசைமேல் வைத்து ஒலியைக் கூட்டிவிடுங்கள். மேண்டில் இல்லாமலே இங்கொன்றும் அங்கொன்றுமாக 'டிக்' சத்தம் கேட்கும். இதுதான் எப்போதும் நம்மைச் சுற்றி இருப்பது என்று சொல்லுங்கள். உலகச் சராசரியில் ஒரு மனிதர் இயற்கையிடமிருந்தே ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வாங்குகிறார். மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் அங்கே இன்னும் அதிகம். மேண்டிலில் இருக்கும் தோரியம்தான் அந்த மோனசைட்டிலும் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் யாராவது இருந்தால் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்.

பிறகு ஒருவரை எழுப்பி, மேண்டில் உறையை மானிட்டரின் முகத்தருகே கொண்டுவரச் சொல்லுங்கள். சத்தம் படபடவென்று பொரியும். கையை மெல்லப் பின்னால் இழுக்கச் சொல்லுங்கள், சத்தம் தணியும். இடையில் ஓர் எவர்சில்வர் தட்டை வைக்கச் சொல்லுங்கள், சட்டென்று அடங்கும். ஆனால் முழுவதும் நிற்காது. அந்த மிச்சச் சத்தத்தைக் காட்டி, "பீட்டா என்ற கதிரைத் தட்டு நிறுத்திவிட்டது, காமா என்ற கதிரில் ஒரு பங்கு தட்டைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லலாம். தூரம், மறைப்பு என்ற இரண்டு பாடமும் முடிந்துவிட்டது. ஒடியா பேசுபவருக்கும் புரிந்திருக்கும்.

நேரம் என்ற மூன்றாவது பாடத்துக்கு ஓவர்டைம் கணக்குப் போதும். மணிக்கு இவ்வளவு என்றால் கால் மணி நேரத்துக்கு எவ்வளவு என்று அவர்கள் மனக்கணக்கில் சொல்லிவிடுவார்கள். அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அந்த இடத்தில் பீல்டு, அதாவது கதிர்வீச்சின் அளவு, மணிக்கு 2 மில்லிசீவர்ட், உங்கள் பெர்மிட்டில் 0.2 மில்லிசீவர்ட்தான் அனுமதி, எத்தனை நிமிடம் நிற்கலாம்? ஆறு நிமிடம் என்று யாராவது சொல்லும்வரை விடாதீர்கள். அந்த ஆறு நிமிடத்தில் ஸ்பானர் தேடுவதும் அடக்கம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தூரத்தின் கணக்கில் மட்டும் ஒரே ஓர் எண்ணைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். 1 மீட்டர் தள்ளி நின்றால் மணிக்கு 0.1 மில்லிசீவர்ட் காட்டும் சின்னஞ்சிறு பொருள் ஒன்று, 1 சென்டிமீட்டர் தூரத்தில் மணிக்கு 1,000 மில்லிசீவர்ட் காட்டும். தூரம் நூறில் ஒன்றானால் கதிர்வீச்சு பத்தாயிரம் மடங்கு. இந்த எண்ணை அழிக்காமல் விடுங்கள், பிறகு தேவைப்படும்.

மஞ்சள் தூள் பாடம்

இதுதான் என் வகுப்பின் முக்கால் பங்கு. மற்றவற்றைச் சுருக்கினாலும் இதைச் சுருக்க மாட்டேன்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்வார்கள். பீல்டில் நிற்பது ஒன்று, ஆக்டிவிட்டி, அதாவது கதிரியக்கப் பொருள், உடம்பில் ஒட்டிக்கொள்வது வேறொன்று. பீல்டில் நின்றவர் வெளியே வந்தால் எல்லாம் அதோடு முடிந்தது, அவரிடமிருந்து அவர் மனைவி மக்களுக்கு எதுவும் போகாது. ஆனால் தூசியாகவோ ஈரமாகவோ ஒட்டிக்கொண்டது அவருடன் கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் வரும், வாய்வழியாக உள்ளே போகவும் செய்யும். கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் எங்கே இருந்தாலும் அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகும் காலம், 5.27 ஆண்டுகள். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்யவைத்துத்தான் புரியவைக்க வேண்டும்.

பழைய வெள்ளை ஓவரால், பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை, தலைமூடி, முகக்கவசம், இரண்டு அடுக்குக் காலுறை என்று முழு உடையை ஒருவருக்குப் போட்டுவிடுங்கள். மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெளிக் கையுறையின் உள்ளங்கையில் தடவுங்கள். மேசைமேல் குழாய்களை இணைக்கும் ஒரு சிறு பிளேஞ்சை வைத்து, நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வேர்க்கட்டும். வேர்வைதான் இந்தப் பாடத்தின் உண்மையான ஆசிரியர்.

மூன்றாவது போல்ட்டுக்குள் அவர் கை தானாக முகக்கவசத்தின் பட்டையைச் சரிசெய்யப் போகும். எதுவும் சொல்லாதீர்கள். வேலை முடிந்ததும் தரையில் ஒரு டேப் ஒட்டி, "இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். உடையைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் வாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வரிசை சொல்லித்தர வேண்டாம்.

பெரும்பாலும் முதலில் கையுறையைத்தான் பிடுங்கி எறிவார்கள். வெறும் விரலால் வெளிக் கையுறையின் உள்ளங்கையைப் பிடித்து இழுப்பார்கள். பிறகு அதே விரலால் ஓவராலின் ஜிப்பைத் திறப்பார்கள். டேப்பைத் தாண்டி வந்து, அப்பாடா என்று நெற்றி வேர்வையைத் துடைப்பார்கள். இப்போது ஜன்னல்களை மூடி, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கைக் கொண்டுவாருங்கள். மஞ்சள் அந்த ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத தீற்றல்கூடத் தெரியும். நெற்றியில் ஒரு கோடு, காதுமடலின் பின்புறம் பட்டை தேய்த்த இடத்தில் ஒரு புள்ளி, மூக்கின் பக்கவாட்டில் ஒன்று, சட்டைப் பொத்தானில் ஒன்று. ஒரு முறை ஒரு சாரத் தொழிலாளியின் கீழுதட்டில் மினுங்கியது. அதைப் பார்த்ததும் வகுப்பில் எழுந்த சிரிப்பு, அவர் அந்த உதட்டை நாக்கால் தடவியதும் நின்றுவிட்டது. அதற்குமேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை.

இதன் பிறகு சரியான வரிசையைச் சொன்னால் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதியில் கேட்பார்கள். முதலில் ஒட்டியிருக்கும் டேப்புகள், அடுத்து வெளிக் காலுறை, அதற்கடுத்து வெளிக் கையுறை. கையுறையைச் சுத்தமான உட்புறம் வெளியே வரும்படி உருட்டிக் கழற்ற வேண்டும். தலைமூடியை முன்னாலிருந்து பின்னால் எடுக்க வேண்டும், முகத்தின் மேலாக இழுக்கக் கூடாது. ஓவராலைத் தோளிலிருந்து கீழாக உள்பக்கம் வெளியே வரச் சுருட்ட வேண்டும், உதறவே கூடாது. உள் காலுறையை ஒவ்வொரு காலாகக் கழற்றி, கழற்றிய காலைச் சுத்தமான பக்கத்தில் ஊன்ற வேண்டும். உள் கையுறை கடைசி. முகக்கவசத்தை எந்தக் கட்டத்தில் எடுப்பது என்பது அந்தப் பகுதியின் காற்றைப் பொறுத்தது, பெர்மிட்டில் எழுதியிருக்கும். இந்த வரிசையை எல்லாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் ஒரு முறை மஞ்சளோடு செய்துகாட்ட வேண்டும், அவ்வளவுதான். நேரமாகும். மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பார்த்துக்கொள்ளட்டும்.

மஞ்சளைக் கழுவும்போது அடுத்த பாடத்தையும் அங்கேயே முடித்துவிடலாம். மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் தோல் உரிந்து, வெளியே இருந்தது உள்ளே போய்விடும். மானிட்டரால் உடம்பைப் பார்க்கும்போது முதலில் கையைப் பார்த்த பிறகே கருவியைக் கையில் எடுக்க வேண்டும். தோலிலிருந்து 1 சென்டிமீட்டர் இடைவெளி, நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகம். பசியோடு ஷிப்ட் முடிந்து நிற்பவர்கள் கருவியை வீசிக்கொண்டு போவார்கள். மேண்டிலை ஒருவரின் சட்டைப்பைக்குள் ஒளித்துவைத்து, வேகமாகப் பார்த்தால் அது தப்பிவிடுவதைக் காட்டுங்கள்.

பேட்ஜும் கூலியும்

டிஎல்டி பேட்ஜுக்குள் இருப்பது டிஸ்ப்ரோசியம் சேர்த்த கால்சியம் சல்பேட்டும் டெஃப்ளானும் கலந்த மூன்று வட்டத் தகடுகள். ஒன்றின்மேல் உலோக வடிகட்டி, இன்னொன்றின்மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. ஆய்வகத்தில் சூடேற்றினால், வாங்கிய டோஸுக்கு (கதிர்வீச்சின் அளவுக்கு) ஏற்ப ஒளி விடும். இதைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். மார்பில் மாட்டு, அடுத்தவரிடம் கொடுக்காதே, வெயிலில் காயப்போடாதே, சட்டையோடு துவைக்காதே என்ற நான்கையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆனால் சிலைடில் இல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. டோஸ் ஏறினால் வேலை போய்விடும் என்று தொழிலாளி நினைக்கிறார். அவர் நினைப்பில் நியாயமும் இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இதைவிடக் குறைவான கட்டுப்பாட்டு அளவு வைப்பார்கள். அந்த அளவை நெருங்கியவரை உள்ளே அனுப்ப மாட்டோம். நிரந்தர ஊழியர் என்றால் வேறு வேலை கொடுப்பார்கள். தினக்கூலிக்காரர் என்றால் ஒப்பந்தக்காரர் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார். ஆகவே பேட்ஜைக் கருவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போகும் ஆசை வருகிறது. நம் ஊர்ப் பழக்கம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். புகுஷிமா விபத்துக்குப் பிந்தைய சீரமைப்பு வேலையில் ஒரு துணை ஒப்பந்தக்காரர் தன் ஆட்களின் டோஸ்மானிகளை ஈயத் தகட்டால் மூடவைத்த விவரம் 2012-இல் வெளியே வந்து ஜப்பானே கொதித்தது.

இதைப் பற்றி வகுப்பில் ஒழுக்க போதனை செய்தால் ஒருவரும் கேட்க மாட்டார். நான் இரண்டு காரியம் செய்கிறேன். முதலாவது, பேட்ஜ் யாருடைய சாட்சி என்று கேட்கிறேன். பத்து ஆண்டு கழித்து உடம்புக்கு ஏதாவது வந்து நஷ்டஈடு கேட்டுப் போனால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த டோஸ் கணக்குத்தான். பேட்ஜைப் பெட்டியில் வைத்தவர் தன் சாட்சியைத் தானே ஊமையாக்குகிறார். இரண்டாவது காரியம் வகுப்புக்கு வெளியே. டோஸ் முடிந்தவர்களுக்கு வெளிப் பகுதியில் வேலை கொடுக்க ஒப்பந்தத்திலேயே வழி செய்யச் சொல்லிக் குறிப்பு எழுதுகிறேன். சில இடங்களில் நடந்தது, சில இடங்களில் நடக்கவில்லை. நடக்காத இடங்களில் என் போதனைக்கும் மதிப்பு இருக்கவில்லை. கூலியைப் பற்றிப் பேசாத பாதுகாப்பு வகுப்பு பாதி வகுப்பு என்பது என் கருத்து. மேலிடத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், சொல்லத்தான் வேண்டும்.

வாங்கிய டோஸை அவ்வப்போது பார்த்துக்கொள்ள உதவும் கருவியான டிஆர்டியைப் பற்றி ஒரு வரி போதும். உள்ளே போகுமுன் அளவைப் பார்த்து எழுது, உள்ளே இடையிடையே பார், கீழே விழுந்தால் வெளியே வந்து சொல்.

டிரிடியமும் பாட்டிலும்

கனநீர் உலையில் மட்டும் கூடுதலாக ஒரு பாடம். கனநீர் உலைக்குள் நியூட்ரான் பட்டு டிரிடியம் உண்டாகிறது. அதன் பீட்டா மிக மென்மையானது, அதிகபட்சம் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். தோலின் மேலடுக்கையே தாண்டாது, டிஎல்டியும் அதைப் பார்க்காது. ஆனால் கனநீர் ஆவியாகி நின்றால் மூச்சோடும் உள்ளே போகும், தோல் வழியாகவும் ஊறும். துணி முகமூடி, தூசி வடிகட்டும் முகக்கவசம் எதுவும் அதை நிறுத்தாது. அதற்காகத்தான் காற்றுக் குழாயோடு வரும் பிளாஸ்டிக் சூட். அதைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் வகுப்பறையில் நடக்கவையுங்கள். மூச்சு முட்டுவதாக நினைத்துப் பதறுபவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும், உலைக் கட்டடத்துக்குள் தெரிவதைவிட இது மேல்.

உள்ளே போன டிரிடியத்தைக் காட்டிக்கொடுப்பது சிறுநீர் மாதிரி ஒன்றுதான். பாட்டிலைக் கொடுத்தால் பலர் நழுவுவார்கள். காரணம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. முந்தின இரவு குடித்தது அதில் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். "இதில் நாங்கள் பார்ப்பது டிரிடியம் ஒன்றை மட்டும்தான், வேறு எதையும் பார்ப்பதில்லை" என்று ஆண்கள் நிறைந்த வகுப்பில் ஒரு பெண் உரக்கச் சொன்னால் கொஞ்சம் சிரிப்பார்கள், பிறகு பாட்டில்கள் ஒழுங்காக வந்துசேரும்.

மாதிரியின் அருமையைச் சொல்ல 2009 நவம்பரில் கைகாவில் நடந்ததைச் சொல்லுங்கள். குடிநீர்க் குளிர்விப்பானில் யாரோ டிரிடியம் கலந்த கனநீரை ஊற்றியிருந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தார்கள். எந்த மீட்டரும் கத்தவில்லை, வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைதான் காட்டிக்கொடுத்தது. டிரிடியம் உடம்பில் தங்குவது தண்ணீராகத்தான், ஏறத்தாழ 10 நாளில் பாதி தானாக வெளியேறிவிடும். நிறையத் தண்ணீர், மோர், இளநீர் குடித்தால் இன்னும் சீக்கிரம் போகும். பீர் குடிக்கலாமா என்று நிச்சயம் ஒருவர் கேட்பார்.

கேட்கத் தயங்கும் கேள்விகள்

கேள்வி இருக்கிறதா என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதுவும் என்னிடம். அதனால் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்து, பெயர் எழுதாமல் ஒரு டப்பாவில் போடச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதித் தருவார். சீட்டுகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: ஆண்மை போய்விடுமா, பிறக்கும் குழந்தைக்கு ஊனம் வருமா?

நேராகப் பதில் சொல்லுங்கள். விந்து உற்பத்தி தற்காலிகமாகக் குறையவே விதைப்பைக்கு ஒரே நேரத்தில் 150 மில்லிகிரே (காமாவுக்கு மில்லிசீவர்ட்டுக்குச் சமம்) அளவுக்குப் படவேண்டும். நீங்கள் ஓர் ஆண்டு முழுவதும் வாங்க நாங்கள் அனுமதிப்பதோ அதில் ஒரு சிறு பங்கு. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும் பரம்பரைப் பாதிப்பு கூடியதாகக் காணப்படவில்லை. ஆனால் வயிற்றில் இருக்கும் சிசுவின் விஷயம் வேறு. கர்ப்பம் என்று தெரிவித்த பெண் ஊழியருக்கு, சிசுவுக்கு மிச்சக் காலம் முழுவதும் 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. ஆகவே துப்புரவுப் பணிக்கு வரும் பெண்களிடம் இதைத் தனியாக, ஆண்கள் இல்லாதபோது சொல்லிவிடுங்கள்.

புற்றுநோய் வருமா என்று கேட்டால் "பயப்பட ஒன்றுமே இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். குறைந்த டோஸுக்கும் சிறிய அளவில் அபாயம் உண்டு என்று வைத்துக்கொண்டுதான் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. 10 மில்லிசீவர்ட் வாங்கினால் வாழ்நாள் முழுவதற்கும் கூடும் அபாயம் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கணக்கிடுகிறார்கள். தேவையில்லாமல் அதையும் ஏன் வாங்க வேண்டும், இதற்காகத்தான் வகுப்பு என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். பொய் சொன்னால் மறுநாளே கண்டுபிடிப்பார்கள். அயோடின் மாத்திரையை முன்னதாகவே போட்டுக்கொள்ளலாமா என்ற சீட்டும் வரும். அது தைராய்டுக்குள் கதிரியக்க அயோடின் போகாமல் தடுப்பதற்கு மட்டும்தான், கோபால்ட்டுக்கும் டிரிடியத்துக்கும் அது எதுவும் செய்யாது.

கீழே கிடப்பதை எடுக்காதே

இப்போது கரும்பலகையில் விட்டுவைத்த எண்ணுக்கு வாருங்கள். ஷட்டவுன் இரவுகளில் வெல்டிங்கைச் சோதிக்க இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு எக்ஸ்ரே போல ரேடியோகிராபி எடுப்பார்கள். கதிர் வீசும் அந்தப் பொருள், அதாவது சோர்ஸ், சின்னஞ்சிறியது, ஒரு குட்டைக் கம்பியின் நுனியில் இருக்கும், பார்த்தால் உதிரிப் பாகம் என்றே தோன்றும். 1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் ஒரு வெல்டர் அப்படிக் கிடந்த ஒன்றை எடுத்துக் காற்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். பல மணி நேரம் வேலை செய்து, அதே காற்சட்டையோடு வீட்டுக்கும் போனார். கடைசியில் அவரது காலையே எடுக்க வேண்டியதாயிற்று. 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 இருந்த பழைய கருவியைப் பிரித்ததில் ஓர் உயிர் போயிற்று. வெல்டர்கள் முதல் கதையையும், பழைய இரும்பு ஏற்றும் லாரிக்காரர்கள் இரண்டாவதையும் மறப்பதில்லை. விதியை நான்கே சொல்லில் கொடுங்கள்: தொடாதே, விலகு, மறி, சொல். தடுப்புக் கயிற்றுக்கு மேலாகத் தாண்டுபவரை அன்றைக்கே வெளியேற்றுவோம் என்றும் சொல்லிவிடுங்கள். அப்படியே செய்யவும் வேண்டும். ஒரு முறை கண்டுகொள்ளாமல் விட்டால் கயிறு வெறும் கயிறாகிவிடும்.

'சொல்' என்ற கடைசிப் பகுதிதான் கடினம். சொன்னவரைத் திட்டும் இடத்தில் எவரும் சொல்ல மாட்டார்கள். கையுறை கிழிந்தது, டிஆர்டி விழுந்தது, குழாயிலிருந்து நீர் சொட்டியது என்று சொல்ல வருபவரை முதலில் உட்காரவைத்து, மீட்டரால் பார்த்து, தண்ணீர் கொடுத்து, பிறகு கேள்வி கேளுங்கள். உங்கள் பிரிவில் எல்லாரும் அப்படிச் செய்கிறார்களா என்று வகுப்புக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வகுப்பில் நீங்கள் கொடுத்த வாக்கை உங்கள் சக ஊழியரே உடைத்துவிடுவார்.

ஒத்திகையும் தேர்வும்

அதிகப் பீல்டில் செய்யும் வேலை என்றால் வகுப்பு போதாது, மாதிரி அமைப்பில் ஒத்திகை வேண்டும். 220 மெகாவாட் கனநீர் உலை ஒன்றில் 306 குளிர்விப்புக் குழாய்கள். குழாய்க்கு ஒரு நிமிடம் மிச்சமானால் மொத்தத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பீல்டில் நிற்பது குறைகிறது. திட்டப் பொறியாளர் ஒத்திகைக்கு நாள் ஒதுக்கத் தயங்கினால் இந்தக் கணக்கை அவர் முன் போடுங்கள். ஒத்திகையை முழு உடையோடு, உண்மையான ஸ்பானரோடு, உண்மையான வெளிச்சத்தில் நடத்துங்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடத்தும் ஒத்திகையில் வேலை எப்போதும் வேகமாகத்தான் முடியும்.

எழுத்துத் தேர்வு கட்டாயம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், பதிவேட்டுக்கு அது வேண்டும். ஆனால் பேட்ஜ் கொடுப்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டியது மூன்று செய்முறைகளை வைத்து: மஞ்சள் ஒட்டாமல் உடை கழற்றுவது, ஒளித்துவைத்த மேண்டிலை மானிட்டரால் கண்டுபிடிப்பது, டிஆர்டியைப் பார்த்து எழுதுவது. தவறியவரை அனுப்பிவிடாதீர்கள், மாலையில் மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். அன்றைய கூலி போகாதபடி வருகைப்பதிவில் கையெழுத்தும் போட்டுவிடுங்கள்.

வேலை தொடங்கிய முதல் சில நாள்கள் ஷிப்ட் முடியும் நேரத்தில், அழுக்குப் பக்கத்தையும் சுத்தப் பக்கத்தையும் பிரிக்கும் தடுப்புப் பெஞ்ச் அருகே போய் நில்லுங்கள். பேசாமல், யார் எந்த இடத்தில் பிசகுகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உள் காலுறையைக் கழற்றும்போது பலரும் தடுமாறினால், பெஞ்ச் உயரமாக இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பி இல்லையென்றால் பராமரிப்புப் பிரிவுக்கு அன்றைக்கே எழுதுங்கள். கம்பி இருந்தும் தடுமாறினால் அடுத்த வகுப்பில் அந்தக் கட்டத்துக்குக் கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.